பிண்டி மரம் நிற்கும் ஊர்

குமட்டா
22 ஜூலை 1978

தம்பி திம்மப்பாவுக்கு அக்கா மாதேவி எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். உன் இருமல் விட்டதா? தார்வாட் மழைக்காற்றில் கழுத்துத் துணி இல்லாமல் திரியாதே.

இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டாம். அங்கே ஒரு கடிதம் நாலு கை மாறித்தான் என்னிடம் வருகிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் கமலி என் சிநேகிதி. அவள் பேருக்குப் போட்டால் பத்திரமாக வந்து சேரும்.

போன வருஷம் வந்தபோது கத்தரிக்காயும் ஊமத்தையும் ஒரே குடும்பம் என்றாயே, அது மனதைவிட்டுப் போகவே இல்லை. ஒன்றைக் குழம்பு வைக்கிறோம். மற்றதைத் தின்றால் பைத்தியம் பிடிக்கும். எதை வைத்து இரண்டையும் ஒரே வீட்டில் சேர்த்தார்கள்? சேர்த்தது யார்? அவற்றைக் கேட்டார்களா?

இத்துடன் மூன்று இலை வைத்திருக்கிறேன். பழைய பஞ்சாங்கத்துக்குள் வைத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றி ஒரு வாரம் காய வைத்தது. முதலாவது, நாம் மோர்த் தம்புளிக்கு அரைக்கிற ஒந்தெலகா, அந்த வல்லாரை. இதற்கும் நீ ரயில் நீளத்துக்கு ஒரு பேர் வைத்திருப்பாய். இரண்டாவது உப்பகே, அந்தப் புளிப்புக்காய் மரம். மூன்றாவதுதான் எனக்குத் தெரியாதது. பட்டையைக் கீறினால் ரத்தம் மாதிரி சிவப்பாக வடிகிறது. முதல் தடவை பார்த்தபோது என் கையைத்தான் வெட்டிக்கொண்டேன் என்று பயந்துபோனேன். இங்கே பெண்கள் பிண்டி என்கிறார்கள். அவர்களுக்கு அதற்கு மேல் பேர் வேண்டியிருக்கவில்லை. எனக்கு வேண்டும்.

உனக்குப் பெண் பார்க்கிற விஷயம் எந்த அளவில் இருக்கிறது? எழுது.

உன் அக்கா,
மாதேவி


தார்வாட்
9 ஆகஸ்ட் 1978

அன்புள்ள அக்காவுக்கு, திம்மப்பா வணக்கம். இருமல் போய்விட்டது. கழுத்துத் துணியும் போய்விட்டது, பஸ்ஸில். அத்தானையும் வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

அம்மிக்கல் நன்றாக வேலை செய்திருக்கிறது. எங்கள் கல்லூரியின் உலர்செடி அறையில் இரும்புச் சட்டம் போட்டு அழுத்துகிற பையன்களுக்கு இவ்வளவு தட்டையாக வருவதில்லை.

ஒந்தெலகாவின் பேர் சென்டெல்லா ஏசியாடிகா. கொத்தமல்லி, சீரகத்தின் குடும்பம். உப்பகே, கார்சினியா கம்போஜியா. சர்பத்துக்குப் போடுகிற முருகலுக்கு உடன்பிறந்தது. குமட்டாவில் முருகல்தானே அதிகம், உப்பகே உனக்கு எங்கே கிடைத்தது?

குடும்பம் சேர்ப்பது பூவை வைத்து. வெயிலுக்கும் தண்ணீருக்கும் ஏற்றபடி இலை தன்னை மாற்றிக்கொள்ளும். பூ அவ்வளவு சுலபத்தில் மாறாது. கத்தரிப்பூவையும் ஊமத்தைப்பூவையும் பிரித்து வைத்துப் பார், ஐந்து இதழும் ஒட்டி ஒரே துணியாக இருக்கும். அவற்றை யாரும் கேட்கவில்லை, அக்கா. அது உண்மை.

உன் மூன்றாவது இலை என்னைத் தூங்கவிடவில்லை. சிவப்புப் பால் வடிகிறது என்பதால் ஜாதிக்காயின் குடும்பம், மிரிஸ்டிகேசியே. அதுவரை நிச்சயம். அந்தக் குடும்பத்தில் எந்தப் பிள்ளை என்று இலையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பூ வேண்டும், காய் வேண்டும். மரம் எந்த ஊரில், எந்த மாதிரி இடத்தில் நிற்கிறது என்றும் எழுது. காகிதத்தில் ஒட்டி அட்டை எழுதும்போது ஊர் இல்லாவிட்டால் அது வெறும் சருகு.

சாகராவில் ஒரு இடம் பேசுகிறார்கள். பெண் வசுமதி. அப்பா ஹுச்சப்பா மாஸ்டர், பள்ளிக்கூடத்தில் கணக்கு. நம் குடும்பத்தைத் துருவித் துருவி விசாரித்தார். அப்பா அம்மா இல்லை, அக்காதான் வளர்த்தாள், அவள் குமட்டாவில் நல்லபடி வாழ்கிறாள் என்றேன். "அக்கா குடும்பம் நல்லாருந்தா தம்பியும் நல்லா இருப்பான்"னு தலையாட்டினார்.

உன் திம்மப்பா


குமட்டா
3 செப்டம்பர் 1978

தம்பிக்கு, அக்காவின் ஆசிகள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வீட்டில் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

சாகராக்காரர்கள் பேச்சு எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அந்த மாஸ்டருக்கு ஏற்றபடி நடந்துகொள். எதையும் அவசரப்பட்டுச் சொல்லாதே.

அட்டையில் குமட்டா என்று போடு.

மரத்தைப் பற்றி எழுதுகிறேன். அது தண்ணீரிலேயே நிற்கிறது. ஒன்றல்ல, கூட்டமாக. கீழே கறுப்புச் சேறு, முழங்கால் வரை போகும். வேர் சேற்றுக்குள் போய், மறுபடி வெளியே வந்து மடங்கி, மறுபடி உள்ளே போகிறது. ஆட்கள் முழங்காலை மடக்கிச் சேற்றில் உட்கார்ந்திருப்பது மாதிரி. அந்த முழங்கால்களின் மேல் கால் வைத்துத்தான் நடக்க வேண்டும். ஹொன்னி என்று எனக்குத் தெரிந்த ஒரு பெண், கூடையோடு அதன் மேல் ஓடுகிறாள். நான் இரண்டு தடவை விழுந்தேன். மூச்சுவிடத்தான் முழங்காலை வெளியே வைத்திருக்கிறது என்பது ஹொன்னியின் கட்சி. உன் புத்தகம் என்ன சொல்கிறது?

மாதேவி


தார்வாட்
18 செப்டம்பர் 1978

அன்புள்ள அக்காவுக்கு, நலம்தானே. நான் நலம், ஆனால் சாப்பாட்டு நேரம் தவறிவிட்டது, உன் கடிதத்தால்.

ஹொன்னி சொல்வதைத்தான் புத்தகமும் சொல்கிறது. அவள் பத்து வார்த்தையில் சொன்னதை அது இரண்டு பக்கத்தில் சொல்கிறது.

எங்கள் அறையில் ஜாதிக்காய்க் குடும்பத்துக்கு ஒரு தட்டு இருக்கிறது. அதில் முழங்கால் வேர் உள்ள மரத்தின் தாள் ஒன்றே ஒன்று. அறுபது வருஷத்துக்கு முன்பு யாரோ ஒட்டியது. பூவைப் பூச்சி தின்றுவிட்டது. ஊர் எழுதிய இடத்தில் மை கரைந்து 'காடு' என்பது மட்டும் தெரிகிறது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் அந்த மனிதர் மேல் கோபம் வரும்.

கடலோரக் கழியிலும் முழங்கால் வேர் விடுகிற மரங்கள் உண்டு. அவற்றைக் கீறினால் ரத்தம் வடியாது. உன் மரத்துக்கு உப்புத்தண்ணீர் ஆகாது. வருஷம் முழுக்க வற்றாத ஓடையும், நடுப்பகலிலும் வெயில் இறங்காத காடும் வேண்டும். குமட்டாவில் அப்படி ஓர் இடம் எனக்கு நினைவில் இல்லை.

அதனால் சில கேள்வி. ஓடை எந்தத் திசைக்குப் போகிறது? அட்டை கடிக்கிறதா? மரத்தின் மேல் சிங்கவால் குரங்கு வருகிறதா?

அட்டையில் இன்னும் ஊர் எழுதவில்லை. பென்சிலால்கூட எழுதவில்லை.

உன் திம்மப்பா


குமட்டா
12 அக்டோபர் 1978

தம்பிக்கு, ஆசிகள். நான் நன்றாக இருக்கிறேன்.

ஓடை மேற்கே போகிறது. அட்டை கடிக்கிறது, சுண்ணாம்பும் புகையிலையும் காலில் தடவிக்கொள்கிறோம். குரங்கு வருகிறது. பிடரி மயிரை விரித்துக்கொண்டு தாசில்தார் மாதிரி உட்கார்ந்து பார்க்கிறது.

மரத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேள். ஊரைப் பற்றிக் கேட்காதே.

தீபாவளிக்கு இங்கே வர வேண்டாம். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், உட்கார இடம் இருக்காது.

மாதேவி


தார்வாட்
28 டிசம்பர் 1978

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். பதில் எழுத இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் குமட்டா வந்தேன். உனக்கு ஒரு சேலை எடுத்திருந்தேன். நீ கோகர்ணம் போயிருப்பதாக உன் மாமியார் சொன்னார்கள். அத்தான் என்னிடம் சரியாகப் பேசவில்லை, மழையைப் பற்றிச் சொன்னார். வெள்ளையடித்த அடையாளம் எங்கும் இல்லை. ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். சேலை என் பெட்டியில் இருக்கிறது.

அந்த மரம் ஜனவரி கடைசியில் பூக்கலாம். பூ மிளகு அளவுதான் இருக்கும், இலைக்காம்புக்கு மேலே கொத்தாக. ஆண் பூ ஒரு மரத்தில், பெண் பூ வேறு மரத்தில். இரண்டும் வேண்டும். காய வைத்தால் நொறுங்கும். சாராயத்தில் போட்டு அனுப்பு. சாராயத்துக்கு என்னிடம் கணக்குச் சொல்ல வேண்டாம்.

அங்கே இரவில் குளிர் அதிகமாக இருக்கும். கம்பளி இருக்கிறதா?

உன் திம்மப்பா


கானகோடு நர்சரி, சித்தாபுரா தாலுகா
4 பிப்ரவரி 1979

தம்பிக்கு அக்கா எழுதுவது. கம்பளி இருக்கிறது. நீ அதைக் கேட்டிருந்ததைப் படித்த பிறகு மேலே குமட்டா என்று எழுதக் கை வரவில்லை.

பூ கிடைத்துவிட்டது. ஹொன்னி மரமேறிப் பறித்தாள். இரண்டு மருந்து பாட்டிலில் இருக்கிறது. நூல் கட்டியது ஆண். எங்கள் சாராயத்தில் பாதியைக் காவல்காரர் குடித்துவிட்டார். மீதியில்தான் பூ மிதக்கிறது.

நான் அந்த வீட்டைவிட்டு வந்து பத்து மாதம் ஆகிறது. போன ஏப்ரலில் அவர்கள் அவருக்கு இன்னொரு பெண்ணைக் கட்டி வைத்தார்கள். தூரத்து உறவுப் பெண், பத்தொன்பது வயது. ஆறு வருஷமாக எனக்குப் பிள்ளை இல்லை என்பது காரணம். என்னை யாரும் துரத்தவில்லை. மாமியார் அடுப்படிக்கு வந்து, என் கையைப் பிடித்து, "நீ பெரியவளா இருந்துக்கோ. சமையல் உன் பொறுப்பு. பின்னாடி ரூம்ல ஜன்னல் இருக்கு, காத்து வரும்"னு சொன்னார்கள். அவர்களுக்கு அது பெரிய நியாயமாகத்தான் பட்டது. அவர் பக்கத்து அறையில் இருந்தார். வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குக் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, எல்லோரும் சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவிக் கவிழ்த்தேன். மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டேன்.

கமலியின் சித்தி மகள்தான் ஹொன்னி. இந்தக் காட்டிலாகா நர்சரியில் நாள்கூலிக்குச் சேர்த்துவிட்டாள். பையில் மண் நிரப்புவதும், விதை ஊன்றுவதும், தண்ணீர் ஊற்றுவதும்தான் வேலை. பஸ் கண்டக்டர் ஒருவர் கமலியிடம் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். யாரோடும் ஓடி வரவில்லை. அதை நீ கேட்க மாட்டாய், ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

உன் கல்யாணம் முடியட்டும் என்றுதான் மறைத்தேன். வாழாமல் வந்த அக்கா இருக்கிற இடத்தில் யார் பெண் கொடுப்பார்கள்? தாலி ஏறுகிறவரை அட்டையில் குமட்டா என்றே இருக்கட்டும். பிறகு மாற்றிக்கொள். ஒரு மரம் நாலு மாதம் பொய் ஊரில் நின்றால் என்ன ஆகிவிடும்?

மாதேவி


தார்வாட்
19 பிப்ரவரி 1979

அன்புள்ள அக்காவுக்கு, பாட்டில் இரண்டும் உடையாமல் வந்தன. நான் நலம். நீ நலமாக இருப்பதை முதல்முறையாக நம்புகிறேன்.

நீ குமட்டாவில் இல்லை என்பது முழங்கால் வேர் பற்றி எழுதியபோதே தெரியும். அப்படி ஒரு சேறு சித்தாபுராக் காட்டுப்பக்கம்தான் இருக்கும். வேலைக்குப் போயிருப்பாய், சீக்கிரம் திரும்பிவிடுவாய் என்று நினைத்துக்கொண்டேன். தீபாவளிக்கு அந்த வீட்டில் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தது அந்தப் பெண். தம்ளரை வைக்கும்போது யாருக்கும் கேட்காமல், "அக்கா நல்லா இருக்காங்களா?"ன்னு கேட்டாள். எனக்கு எல்லாம் புரிந்தது. அவள் மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

உன்னை அந்த வீட்டில் கொடுக்க மாமாவோடு உட்கார்ந்து பேசி முடித்தவன் நான். இருபத்தொரு வயதில் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. அவர்களிடம் எத்தனையோ கேட்டேன், உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அட்டையில் பொய் ஊர் எழுத என்னால் முடியாது. ஐம்பது வருஷம் கழித்து யாரோ ஒருவன் அதை நம்பிக் குமட்டாவில் அலைவான். உண்மை ஊரை எழுத உன் சம்மதம் வேண்டும். அதுவரை காலியாக இருக்கும்.

ஆனால் ஒரு காரியம் உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். போன ஞாயிறு சாகரா போய் ஹுச்சப்பா மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். முன்பு சொன்னது பொய், என் அக்கா புருஷன் வீட்டைவிட்டு வந்து நர்சரியில் கூலி வேலை செய்கிறாள் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். வசுமதி உள்ளே இருந்தாள். காபி வரவில்லை.

உன் திம்மப்பா


கானகோடு
6 மார்ச் 1979

திம்மப்பாவுக்கு.

யாரைக் கேட்டுச் சொன்னாய்? பத்து மாதம் நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது எதற்கு? என் கல்யாணத்தின்போது என்னைக் கேட்கவில்லை என்று வருத்தப்பட்டு எழுதுகிறாய், அதே கடிதத்தில் மறுபடி கேட்காமல் செய்திருக்கிறாய்.

இங்கே தண்ணீர் ஊற்றுகிற காலம். நேரமில்லை. பூவின் பேர் தெரிந்தால் மட்டும் எழுது.

மாதேவி


தார்வாட்
30 மார்ச் 1979

அன்புள்ள அக்காவுக்கு, திம்மப்பா வணக்கம். நீ திட்டியது சரி.

பேர் தெரிந்துவிட்டது. பூவைப் பிளந்து, மகரந்தப் பைகள் ஒட்டியிருக்கிற விதத்தை உருப்பெருக்கியில் பார்த்து, மூன்று புத்தகத்தோடு ஒப்பிட்டேன். ஜிம்னக்ராந்தெரா கனாரிகா. ஜாதிக்காயின் குடும்பம்தான், ஆனால் ஜாதிக்காய் இல்லை. பெரியப்பா மகள் என்று வைத்துக்கொள். கனாரிகா என்றால் நம் கன்னடக் கரையைச் சேர்ந்தவள். பேரிலேயே ஊர் இருக்கிறது.

காய் பழுத்தால் விதையின் மேல் சிவப்பாக ஓர் உறை இருக்கும். அதையும் பார்த்துவிட்டால் முழுசாக முடியும். உனக்கு மனமிருந்தால் அனுப்பு.

சாகராவிலிருந்து ஒன்றும் வரவில்லை. வராது என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்காக நீ வருந்த வேண்டாம். சொன்ன பிறகு எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது.

உன் திம்மப்பா


கானகோடு
2 ஜூன் 1979

தம்பிக்கு அக்காவின் ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? இங்கே நேற்று முதல் மழை பிடித்துக்கொண்டது. என் கோபம் ஏப்ரலிலேயே தீர்ந்துவிட்டது. எழுதத்தான் வெட்கமாக இருந்தது.

பழம் ஆறு அனுப்புகிறேன். ஓடு வெடித்து, உள்ளே விதை சிவப்புச் சேலை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இருவாட்சிப் பறவை முந்திக்கொள்வதற்குள் பொறுக்கினோம். நாற்பது விதையைப் பையில் ஊன்றியும் வைத்திருக்கிறேன். இது விறகுக்குக்கூட ஆகாத மரம், தேக்குப் பையை ஏன் வீணாக்குகிறாய் என்று ஃபாரஸ்ட் கார்டு சத்தம் போட்டார். கிழிந்த பைதான் என்றேன். போய்விட்டார். அட்டையில் ஊரை எழுதிவிடு. இனி மறைக்க ஒன்றும் இல்லை.

ஏனென்றால் போன செவ்வாய்க்கிழமை ஹுச்சப்பா மாஸ்டர் இங்கே வந்தார். மகளையும் கூட்டிக்கொண்டு. முன்கூட்டி ஒரு வார்த்தை இல்லை. நான் முழங்கை வரை எருமண்ணோடு நிற்கிறேன்.

குமட்டாவில் விசாரித்தாராம். நான் ஒருவனோடு ஓடிப்போய்விட்டதாக அந்த வீட்டில் சொன்னார்களாம். அதை நேராகவே என்னிடம் சொன்னார். "உங்க தம்பி ஒண்ணு சொல்றாரு, அவங்க ஒண்ணு சொல்றாங்க. கணக்கு இடிச்சுது. கண்ணால பாத்துடலாம்னு வந்தேன்."

"பாருங்க" என்றேன். நான் தங்கியிருக்கிற அறையைக் காட்டினேன். ஹொன்னியும் நானும்தான் அதில் இருக்கிறோம். வருகைப் பதிவில் என் பேரை அவரே புரட்டிப் பார்த்தார். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் தேடி வந்து பார்த்தார். அந்த வீட்டிலிருந்து ஒருவரும் என்னைத் தேடி வரவில்லை.

வசுமதி அதுவரை பேசவே இல்லை. திடீரென்று என்னிடம், "அந்த முழங்கால் வேர் எங்க இருக்கு?"ன்னு கேட்டாள். நீ அவளுக்கு எழுதியிருக்கிறாய், கள்ளா! சேற்றுக்காட்டுக்குக் கூட்டிப்போனேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வேர் மேல் நடந்தாள். நாலாவது முழங்காலில் வழுக்கி இடுப்பு வரை சேற்றில் போய்விட்டாள். மாஸ்டர் பதறிப்போனார். அவள் உள்ளே நின்றபடி, தண்ணீருக்கு மேலே வேரைத் தடவித் தடவிப் பார்க்கிறாள். "அப்பா, இது உள்ள எங்கயும் முடியவே இல்ல. அடுத்த மரத்தோட பின்னிக்கிட்டு இருக்கு." ஹொன்னியும் நானும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துத் தூக்கினோம். என் மாற்றுச் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, நாங்கள் கொடுத்த உப்பகேச் சாற்றை இரண்டு தம்ளர் குடித்தாள். உனக்கு இவள் சரிப்படுவாள்.

சாயங்கால பஸ்ஸுக்கு ரோடு வரை போனேன். மாஸ்டர் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இங்க இப்படித் தனியா இருக்கியே, பயமா இல்லையாம்மா?" என்றார்.

"அந்த வீட்லதான் பயமா இருந்துது. அங்க எல்லாரும் இருந்தாங்க."

பஸ் வந்தது. வசுமதி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார். "கார்த்திகையில வச்சுக்கலாம். உங்க அப்பா அம்மா இடத்துல நீதான் நிக்கணும். பத்திரிகையில உன் பேரை எப்படிப் போடணும்னு எழுதி அனுப்பு." அவர் ஏறிக்கொண்டார், பஸ் போய்விட்டது.

நாலு நாளாக யோசித்தேன். இன்னாரின் மனைவி என்று வேண்டாம். இன்ன வீட்டு மருமகள் என்றும் வேண்டாம். மாஸ்டருக்கு இன்றே தனியாக ஒரு கார்டு போட்டுவிட்டேன். அதில் எழுதியது இவ்வளவுதான்:

மாதேவி, கானகோடு.